ஈரக் குப்பைக்கு எந்த வண்டி: செங்கோட்டை பக்கத்துப் பட்டறை ஒண்ணு போட்ட மூணு டிசைன் (நிகழ்வு ஆய்வு)

தென்காசி மாவட்டத்துல செங்கோட்டைக்குப் பக்கத்துல ஒரு பாடி கட்டுற பட்டறை இருக்கு. அவங்க குப்பை வண்டி செய்ய எறங்குனது, ஒரு டிசைன் சரிவராமப் போனது, அதை விட்டுட்டு வேற மாதிரி கட்டுனது, கடைசில என்ன ஆச்சுங்கிறது எல்லாத்தையும் வரிசையா எழுதி வைக்கிறேன். நான் இந்தப் பக்கம் ஹைட்ராலிக் வேலை பாக்குறவன், சிலிண்டர், பம்ப், வால்வு சர்வீஸ். அந்தப் பட்டறைக்கு அடிக்கடி போவேன், அதனால இதுல பாதிக்கு மேல கண்ணால பாத்தது, மீதி அங்க வேலை செஞ்சவங்க வாயால கேட்டது. யார் பேரும் எழுதல, ஊர் பேரூராட்சி பேரும் எழுதல. குப்பை வண்டி பாடி கட்டுறவங்களுக்கும் வாங்குற ஊராட்சிகளுக்கும் உதவும்னுதான் எழுதுறேன்.

பின்னணி

பட்டறை ஓனர் அண்ணாச்சி வெல்டரா இருந்து மேல வந்தவர். முதல்ல டிராக்டர் டிரெய்லர், அப்புறம் தண்ணி டேங்கர், அதுக்கப்புறம் டிப்பர் லாரி பாடி, இந்த வரிசைலதான் பட்டறை வளந்துச்சு. கேரளா பக்கம் கல்லும் எம்-சாண்டும் போற ரோடு இது, அதனால டிப்பர் பாடி வேலைக்குக் குறைவே இருந்ததில்ல. தகடு வளைக்கிறது, டேங்க் ஒழுகாம வெல்டிங் அடிக்கிறது, ஒத்தச் சிலிண்டர்ல பாடிய மேல தூக்குறது, இந்த மூணும் அவங்களுக்குக் கைவந்த வேலை.

2016-ல திடக்கழிவு மேலாண்மை விதிகள் புதுசா வந்துச்சு, மக்குறது, மக்காதது, வீட்டுல வர்ற ஆபத்தான கழிவு மூணையும் வீட்டுலயே பிரிச்சுக் குடுக்கணும், பிரிச்சதைப் பிரிச்ச மாதிரியே கொண்டு போகணும்னு. அதுக்கப்புறம் சுத்துவட்டாரத்துல உள்ள பேரூராட்சிகள்ல நுண் உர மையம், அதாவது மக்குற குப்பைய உரமாக்குற எடம், கட்ட ஆரம்பிச்சாங்க, வீடு வீடாப் போற சின்ன வண்டிக்கு பாடி கட்டித் தரமுடியுமான்னு அண்ணாச்சிகிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க. அப்ப அவங்க கட்டுனது சாதாரண பாடிதான். சின்ன சரக்கு வண்டிக்கு நாலு பக்கமும் உயரமா தகடு வச்சு, நடுவுல ஒரு தடுப்பு போட்டு, மேல வலை. இதத்தான் முதல் டிசைன்னு சொல்றேன். இதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மழைல நனைஞ்சுச்சு, ரெண்டு வருசத்துல அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துச்சு, அவ்வளவுதான்.

இந்த ஊரோட குப்பை எப்படிப்பட்டதுங்கிறதை இங்கயே சொல்லிடணும், பின்னாடி வர்றது எல்லாமே இதுலதான் நிக்குது. செங்கோட்டை கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து நேரா உள்ள வரும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல், அந்த நேரத்துலதான் குற்றாலம் சீசன், கூட்டமும் அப்பதான். பிரானூர் பார்டர் பரோட்டா, கோழிக் கடைகள்ல வர்ற எச்சில் இலை, எலும்பு, அப்புறம் பழக்கடைக் கழிவு, வெட்டிப்போட்ட இளநி கூடு, காய்கறி மார்க்கெட் கழிவு. 2019 ஜனவரி 1-லேர்ந்து ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டுல தடை வந்தப்புறம் வாழை இலை இன்னும் கூடிருச்சு, அது நல்ல விசயம்தான், ஆனா குப்பையோட எடை ஏறிருச்சு. ஒரு கூடை குப்பையக் கையில தூக்கிப் பாத்தா பாதி தண்ணின்னே தோணும்.

ரெண்டாவது டிசைன்: அமுக்குற வண்டி

2021 வாக்குல பக்கத்துப் பேரூராட்சி ஒண்ணுலேர்ந்து கம்பேக்டர் வண்டி கேட்டு டெண்டர் வந்துச்சு. பெரிய மாநகராட்சில ஓடுதே, பின்னாடி வாய் தொறந்து குப்பையக் கொட்டுனா பிளேட் வந்து வாரி உள்ள தள்ளி அமுக்குமே, அந்த வண்டி. அதோட சின்ன அளவு வேணும்னாங்க. அந்த ஸ்பெசிபிகேசனை யாரு எழுதுனாங்கன்னு தெரியல, ஆனா அதைப் படிச்சா ஒரு பெரிய நகரத்து டெண்டரை எடுத்து கன மீட்டரை மட்டும் கொறச்ச மாதிரி இருந்துச்சு.

அண்ணாச்சி மகன் மெக்கானிக்கல் படிச்சவர், கோயம்புத்தூர்ல கொஞ்ச வருசம் வேலை பாத்துட்டு வந்தவர், அவருக்கு இது பெரிய வாய்ப்பாத் தெரிஞ்சுச்சு, டிப்பர் பாடி யார் வேணா கட்டுவாங்க, கம்பேக்டர் கட்டுனா பட்டறை பேரே வேற லெவலுக்குப் போயிரும்னு. அதுல தப்பு சொல்ல முடியாது. ஏழு டன் வகை சேஸ் (பாடி கட்டாத வண்டி) வாங்கி, பி.டி.ஓ.-ல (இஞ்சின் சக்திய வேற மெசினுக்கு எடுத்துக் குடுக்குற பாகம்) கியர் பம்ப் மாட்டி, ரெண்டு சிலிண்டர் கேரியர் பிளேட்டுக்கு (பேக்கர் பிளேட்டைத் தாங்கி நகத்துறது), ரெண்டு சிலிண்டர் பேக்கர் பிளேட்டுக்கு (குப்பைய வாரி அமுக்குறது), ரெண்டு டெயில்கேட் (பின்பக்கப் பெரிய கதவு) தூக்குறதுக்குன்னு கட்டுனாங்க. பிரஷர் செட்டிங் 160 பார் பக்கம். வெல்டிங் வேலையெல்லாம் ரொம்ப நேர்த்தியா இருந்துச்சு, நானே பாத்து அசந்து போனேன். டெலிவரி அன்னைக்குப் பூஜை போட்டு, மாலை போட்டு அனுப்புனாங்க.

ஓட ஆரம்பிச்சப்புறம் பாத்தது

முதல் ரெண்டு மாசம் வெயில் காலம், பெருசா ஒரு புகாரும் வரல. சாரல் ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா வந்துச்சு.

முதல்ல தண்ணி. அமுக்குற வண்டின்னா பிழியுற வண்டிதான். வாழை இலையும் சாம்பார் சோறும் காய்கறியும் பிளேட்டுக்கு அடியில மாட்டுனா அதுல உள்ள தண்ணி அவ்வளவும் வெளிய வரும், அது எங்கயாவது போயே ஆகணும். டெயில்கேட்டுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் கேஸ்கெட் உண்டு, கீழ தண்ணி தேங்க சம்ப் உண்டு, சம்புக்கு ஒரு பால் வால்வும் உண்டு. பிளாஸ்டிக் கவர் ஒண்ணு போய் வால்வு வாயில உக்காந்துச்சுன்னா வால்வு தொறந்தும் பிரயோஜனம் இல்ல, சம்பு நெறஞ்சு கேஸ்கெட் வழியா ஒழுகும். கேஸ்கெட் உக்கார்ற இடத்துல ஒரு எலும்புத் துண்டு மாட்டுனாலே போதும், டெயில்கேட் முழுசா மூடாது. மார்க்கெட் ரோட்டுல வண்டி போன தடம் கருப்பா கோடு போட்ட மாதிரி கெடந்துச்சு, மழைல அந்தத் தண்ணில டூவீலர் ஒண்ணு சறுக்கி விழுந்ததும் கடைக்காரங்க பேரூராட்சி ஆபீஸ் முன்னாடி கூடிட்டாங்க.

ரெண்டாவது இளநி கூடு. வெளியூர் ஆளுங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியலாம். பச்சை இளநி கூடு அமுங்காது, ரப்பர் மாதிரி பிளேட்டைத் திருப்பித் தள்ளும். பேக்கர் பிளேட்டோட முனைக்கும் ஹாப்பர் (குப்பை கொட்டுற வாய்) உதட்டுக்கும் நடுவுல ஒண்ணு குறுக்க மாட்டுச்சுன்னா பிளேட் ஒரு பக்கமா சாயும், ஒரு சிலிண்டருக்கு மட்டும் முழு லோடும் போகும். நான் சர்வீஸுக்குக் கழட்டுன சிலிண்டர்ல ராடுல நீளவாக்குல கீறல் விழுந்து குரோம் உரிஞ்சிருந்துச்சு, சீல் கிழிஞ்சு ஆயில் கசிஞ்சுட்டு இருந்துச்சு. சீல் மாத்துனேன், கொஞ்ச நாள்ல திரும்பக் கிழிஞ்சுச்சு. ராடு கீறியிருந்தா எத்தனை சீல் போட்டாலும் நிக்காது.

மூணாவது எடை. அமுக்குற மெசினோட எடையே ஒரு டன்னுக்கு மேல, அதுவும் முழுசும் பின் ஆக்சிலுக்கும் பின்னாடி தொங்குது. அதுல ஈரக் குப்பையையும் போட்டு அமுக்குனா எடை மேடைல பின் ஆக்சில் அளவு தாண்டி நிக்கிது, குப்பை பெட்டில பாதிகூட நெறையல. ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சுச்சு, பின் டயர் சீக்கிரம் தேஞ்சுச்சு. டிரைவர் சொன்னது, மேட்டுல ஏறும்போது ஸ்டியரிங் கையில லேசா மெதக்குற மாதிரி இருக்குன்னு. அது பயப்பட வேண்டிய விசயம்.

நாலாவது, உர மையத்துல வேலை செய்யுறவங்க சொன்னது. வண்டிக்குள்ள தடுப்பு கெடையாது, மக்குறதும் மக்காததும் ஒண்ணாப் போயி ஒண்ணா அமுங்கி, கோழிக் கொழுப்புல தோச்ச பிளாஸ்டிக் கவரா வெளிய வருது. அதைப் பிரிக்கவே முடியாது. வீட்டுல ஜனங்க பிரிச்சுக் குடுத்ததை வண்டி சேத்துருது. பிரிச்சுக் குடுத்த ஒரு டீச்சரம்மா தன் ரெண்டு டப்பாவும் ஒரே வாயில விழுறதைப் பாத்துட்டு, இனிமே நான் எதுக்கு பிரிக்கணும்னு கேட்டிருக்காங்க, அதுக்குப் பதில் சொல்ல யார்கிட்டயும் வார்த்தை இல்ல.

அஞ்சாவதா ஒண்ணு, அதை குப்பை அள்ளுற தூய்மைப் பணியாளர் அக்காமார் சொல்லித்தான் பட்டறைக்கே தெரிஞ்சுச்சு. ஹாப்பர் உதட்டோட உயரம் தரைலேர்ந்து நாலடிக்கு மேல. டிராயிங்ல அது ஒரு நம்பர். தள்ளுவண்டிலேர்ந்து டப்பாவை எடுத்து அந்த உயரத்துக்குத் தூக்கிக் கொட்டுறது அஞ்சடி உயரம் கூட இல்லாத பொம்பளைங்க, ஈரக் குப்பை நெறஞ்ச டப்பா. நெஞ்சுக்கு மேல தூக்கும்போது அந்தத் தண்ணி அவங்க கை வழியா, கழுத்து வழியா உள்ள எறங்குது. ஒரு அக்கா அண்ணாச்சிகிட்ட நேராவே சொன்னாங்க: "அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒரு நா நீங்க வந்து பத்து டப்பா தூக்கிப் பாருங்க, அப்பந் தெரியும். எனக்கு தோள்பட்டை போயிட்டு." அண்ணாச்சி மறுநாள் காலைல அஞ்சரைக்கே போயி தூக்கிப் பாத்தார். திரும்பி வந்து யார்கூடவும் பேசல, டீ மட்டும் குடிச்சார்.

டெயில்கேட் இறங்குன அன்னைக்கு

மேல சொன்னது எல்லாம் தொந்தரவு. இது உயிர்ப் பிரச்சினை, அதனால தனியா எழுதுறேன்.

உர மையத்துல டெயில்கேட்டைத் தூக்கி வச்சு, உள்ள ஒட்டுன குப்பையச் சொரண்டிட்டு இருந்தாங்க. டெயில்கேட்டைத் தூக்கிப் பிடிக்கிற சிலிண்டருக்குப் போற ஹோஸ் வெடிச்சுச்சு. ஹோஸ் கிளாம்ப் லூசாகி, பாடி ஆங்கிள்ல உரசி உரசி மேல் ரப்பர் தேஞ்சு உள் கம்பி வரைக்கும் துருப்பிடிச்சிருந்துச்சு, கழிவுத் தண்ணி பட்டா கம்பி சீக்கிரம் போயிரும். ஆயில் ஒரு நிமிசம் பீச்சிச்சு, டெயில்கேட் எறங்குச்சு. சொரண்டிட்டு இருந்தவரு தண்ணி குடிக்க அப்பத்தான் நகந்திருந்தார். கீழ மாட்டுன மண்வெட்டிக் கம்பு ரெண்டா ஒடிஞ்சு கெடந்துச்சு.

சேஃப்டி ஸ்டே, அதாவது தூக்குன டெயில்கேட்டுக்கு முட்டுக் குடுக்குற இரும்புக் கம்பி, வண்டில இருந்துச்சு. ஆனா அதைக் கையால தூக்கி நிமித்தி மாட்டணும், ஒழுகுற டெயில்கேட்டுக்கு அடியில குனிஞ்சு போய்த்தான் மாட்ட முடியும், அதனால யாரும் மாட்டுறதில்ல. சிலிண்டர் போர்ட்லயே திருகி வைக்கிற ஹோஸ் பர்ஸ்ட் வால்வுன்னு ஒண்ணு இருக்கு, ஆயில் திடீர்னு அளவுக்கு மேல ஓடுனா அது தானா அடைச்சுக்கும், சிலிண்டர் அப்படியே நிக்கும். வெலையும் பெருசு கெடையாது. ஸ்பெசிபிகேசன்ல எழுதல, அதனால மாட்டல. அன்னைக்கு சாயங்காலமே வண்டிய நிறுத்திட்டாங்க.

எடுத்த முடிவு, அதுக்குக் காரணம்

பட்டறைல உக்காந்து பேசுனோம். அண்ணாச்சி, மகன், ஃபோர்மேன், பேரூராட்சி சுகாதார ஆய்வாளர், தோள்பட்டை வலின்னு சொன்ன அந்த அக்கா, நான். மகன் முதல்ல சொன்னது, கம்பேக்டரையே சரி பண்ணலாம், பெரிய சம்பு, நல்ல கேஸ்கெட், பர்ஸ்ட் வால்வு. எல்லாமே செய்யக்கூடியதுதான். ஃபோர்மேன்தான் வேற கேள்வி கேட்டார், ஊர்லேர்ந்து உர மையத்துக்கு எவ்வளவு தூரம், எதுக்கு நாம அமுக்குறோம்னு. ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல.

இந்த எடத்துல குப்பை வண்டியோட பழைய கதை கொஞ்சம் சொல்லணும், அன்னைக்கு மகன் லேப்டாப்புல காட்டுன படங்களை வச்சுத்தான் பேச்சே திரும்புச்சு. நான் இந்த விசயத்துல ஆர்வமா படிக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இஞ்சின் வச்ச குப்பை வண்டி இங்கிலாந்துல 1897-லயே வந்திருச்சு, லண்டனை ஒட்டுன சிஸ்விக்ல, தார்னிகிராஃப்ட் செஞ்ச நீராவி வண்டி. ஆனா எனக்குப் பிடிச்சது 1920-கள்ல லெட்ச்வொர்த் ஊர்ல ஷெல்வோக் அண்ட் ட்ரூரி ஆரம்பிச்ச கம்பெனி செஞ்சது. அவங்க வண்டிக்குச் சக்கரம் ரொம்பச் சின்னது, பாடி தரைய ஒட்டித் தாழ்ந்து இருக்கும், ஸ்டியரிங் வீல் கெடையாது, டிராம் வண்டி மாதிரி கைப்பிடியப் பிடிச்சு ஓட்டணும். அந்த ஊர்க் குப்பைல பெரும்பகுதி நிலக்கரி அடுப்புச் சாம்பல், எடை அதிகம், அதைத் தோள்ல தூக்கிக் கொட்டுற ஆளோட முதுகுக்கு அந்தத் தாழ்வான டிசைன் ரொம்ப உதவியா இருந்துச்சு. ஜெர்மனிலயும் சாம்பல்தான் பிரச்சினை, அங்க தூசி பறக்காம மூடி வச்சுக் கொட்டுறதுல கவனம் போச்சு, ஆக்ஸ்பர்க் நகரத்து குக்கா கம்பெனி சுத்துற டிரம் வச்ச குப்பை வண்டி செஞ்சுச்சு. அதே குக்காதான் 1973-ல ஃபாமுலஸ்னு ரோபோ கை செஞ்சது, இன்னைக்கு கார் கம்பெனிகள்ல நிக்கிற ஆரஞ்சு கலர் ரோபோ அவங்களோடதுதான்.

அமெரிக்கால கதை வேற. கார்ஃபீல்ட் வுட்னு ஒருத்தர், வேகப் படகுப் பந்தயத்துல பேர் வாங்குனவர், நிலக்கரி லாரி பாடிய ஹைட்ராலிக்ல தூக்குற ஹாய்ஸ்ட் கண்டுபிடிச்சு அதுலதான் சம்பாதிச்சார். நம்ம டிப்பர் பாடிக்கெல்லாம் தாத்தா அது. அவர் கம்பெனிதான் 1938-ல லோட் பேக்கர்னு குப்பைய அமுக்குற வண்டியக் கொண்டு வந்துச்சு. மில்வாக்கில ஹைல் கம்பெனியும் அந்த வழில பெருசா வளந்துச்சு, அதை ஆரம்பிச்ச ஜூலியஸ் ஹைல் 1939-லேர்ந்து 1943 வரைக்கும் விஸ்கான்சின் கவர்னராவே இருந்தார். நாக்ஸ்வில்ல ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1935-ல குப்பைத் தொட்டியவே வண்டி தூக்கிக் கவுக்கிற முறையக் கொண்டு வந்தார், பிற்பாடு அவர் அந்த ஊர் மேயர். அங்க காகிதம், அட்டைப்பெட்டி, தகர டின்னு குப்பையே காத்தடைச்ச மாதிரி லேசு. அமுக்குனா சுருங்கும். குப்பை கொட்டுற எடமும் தூரம், ஒரே டிரிப்புல எவ்வளவு ஏத்த முடியுதோ அவ்வளவு டீசல் மிச்சம்.

சென்னை மாதிரி ஊருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும், கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் தெருத்தெருவா அள்ளுனதைக் கொண்டு போகணும்னா அமுக்கித்தான் ஆகணும். ரெண்டு கிலோமீட்டர்ல உர மையம் இருக்குற ஊர்ல, ஏற்கனவே தண்ணி நெறஞ்சு கனமா இருக்குற குப்பைய அமுக்கி எதை மிச்சம் பண்றோம்னு யாராலயும் சொல்ல முடியல. மகன் அந்தத் தாழ்வான இங்கிலாந்து வண்டி படத்தையே பாத்துட்டு இருந்தார். அந்த அக்காவும் பாத்துட்டு, "இது இடுப்பளவுக்குத்தான இருக்கு, இதத்தான் நாங்க கேக்கோம்"னாங்க.

முடிவு இப்படி ஆச்சு. ஈரக் குப்பைக்கு அமுக்குறதே வேண்டாம். சின்ன சேஸ்ல, தாழ்வா, ரெண்டு அறையா, மூடி வச்சு, தண்ணி டேங்கர் மாதிரி ஒழுகாத அடிப்பாகத்தோட புதுசா ஒரு பாடி. டிரிப்பு கூடும், அது பரவாயில்ல. சுகாதார ஆய்வாளருக்கு இதுல சங்கடம் இருந்துச்சு, கம்பேக்டர்னு வாங்குனதை நிறுத்தி வச்சா தணிக்கைல கேள்வி வரும்னு. அதனால கம்பேக்டரை என்ன செய்யுறதுன்னு பின்னாடி முடிவு பண்ணலாம், முதல்ல மாதிரிக்கு ஒரு வண்டிய பட்டறை தன் செலவுல கட்டட்டும்னு பேசி முடிச்சாங்க. அண்ணாச்சி அதுக்கு ஒத்துக்கிட்டது பெரிய மனசு.

மூணாவது டிசைன் கட்டுன விதம்

முதல்ல உயரத்தை முடிவு பண்ணாங்க. அந்த அக்காவும் இன்னும் சில பேரும் பட்டறைக்கு வந்து, டப்பாவுல மணலும் தண்ணியும் போட்டு, அடுக்கி வச்ச ஹாலோ பிளாக் மேல தூக்கி வச்சுப் பாத்தாங்க, எந்த வரிசைல முகம் சுளிக்காம தூக்க முடியுதுன்னு. மூணடிக்குக் கீழதான் வந்துச்சு. சேஸ் உயரமே ரெண்டடிக்கு மேல இருக்குறப்ப அதுல பாடிய எங்க வைக்கிறது. அதனால பாடியோட ரெண்டு பக்கச் சுவரையும் பாதில வெட்டி, பக்கவாட்டுல கீழ எறங்குற கதவு மாதிரி பண்ணி, கதவு தொறந்தா உள்பக்கம் சரிவான தகடு, கொட்டுனது தானா உள்ள சறுக்கும். குப்பை ஏற ஏற மேல் கதவைத் தொறந்துக்கலாம்.

அடித்தகடு எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு), மேல் சுவர் எம்.எஸ். (சாதா இரும்புத் தகடு). எல்லாத்தையும் எஸ்.எஸ்.ல செய்யலாம்னு மகன் சொன்னார், வெலை கட்டுப்படியாகாதுன்னு அண்ணாச்சி நிறுத்திட்டார், அரிப்பு முழுசும் கீழ ஒரு அடிலதான வருதுன்னு. சரியான கணக்கு. உள்பக்கம் விட்டு விட்டு அடிக்கிற வெல்டிங் கூடாது, முழுக்க தொடர் வெல்டிங், மூலைல நேர் கோணம் வராம வளைச்ச தகடு, ஏன்னா நேர் மூலைல சோறு தங்கி அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். தண்ணி டேங்கர் கட்டுன கை அவங்களுக்கு, இதுல யாரும் அவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

சம்பு முன்பக்கம் வச்சாங்க, பின்னாடி வச்சா டிப் பண்ணும்போது கதவு வழியா ஒழுகும். சம்புக்கு மேல ஓட்டை போட்ட தகடு, அதைக் கையால கழட்டிக் கழுவலாம். பால் வால்வை எடுத்துட்டு மூணு இஞ்ச் கேட் போட்டாங்க, கவர் வந்தாலும் தள்ளிட்டுப் போகும். ஹைட்ராலிக் என் பொறுப்பு. ஒத்தச் சிலிண்டர், போர்ட்லயே பர்ஸ்ட் வால்வு, ஹோஸ் போற பாதைல முழுக்க ஸ்பிரிங் கவர். சேஃப்டி ஸ்டே வெளிப்பக்கமா, நின்ன வாக்குலயே காலால தட்டி விட்டா நிமிர்ந்து நிக்கிற மாதிரி.

இளநி கூட்டுக்கு இந்த வண்டில எடம் இல்லன்னு முடிவாச்சு. அதுக்குன்னு தனியா டிராக்டர் டிரெய்லர், காய வச்சு எரிபொருளுக்குக் கேக்குற ஆளுங்க இருக்காங்க.

அதுக்கப்புறம் நடந்தது

அடுத்த சாரல் முழுசும் அந்த வண்டி ஓடுச்சு. ரோட்டுல கருப்புக் கோடு இல்ல. உர மையத்துல ரெண்டு அறையும் தனித்தனியா கவுந்துச்சு, பிரிக்கிற வேலை பாதியாக் கொறஞ்சுச்சுன்னு அங்க உள்ளவங்க சொன்னாங்க. பேரூராட்சி அதே மாதிரி இன்னும் வண்டி கேட்டுச்சு, பக்கத்து ஊர்க்காரங்களும் வந்து பாத்துட்டுப் போனாங்க. பிரச்சினையும் வந்துச்சு. கதவு கீழ தொங்குறதால பெரிய வேகத்தடைல அடி தட்டுது, ரெண்டு தடவை கதவுக் கீல் வளைஞ்சுச்சு. சந்துல ஒரு பக்கக் கதவைத் தொறக்க எடம் பத்தல. கீலைப் பெருசாக்கி, கதவை ரெண்டாப் பிரிச்சதும் கொஞ்சம் சரியாச்சு.

கம்பேக்டர், என்ன செய்யுறதுன்னு தெரியாம ரொம்ப நாள் ஷெட்ல கெடந்துச்சு. கடைசில அதுக்கு ஏத்த வேலை கெடச்சுச்சு. மறுசுழற்சிக்கு ஆகாத காஞ்ச பிளாஸ்டிக், கிழிஞ்ச துணி, பழைய செருப்பு இதெல்லாம் சிமெண்ட் ஆலைல எரிபொருளாப் போடுறதுக்கு அனுப்புறாங்க. அது லேசான குப்பை, போற தூரமும் ஜாஸ்தி. ராடு மாத்தி, பர்ஸ்ட் வால்வு போட்டு, தரைல நின்னு தூக்காம மேடை மேல நின்னு தள்ளுற மாதிரி சேமிப்பு ஷெட்ல ஒரு திண்ணை கட்டி, அந்த வேலைக்கு விட்டாங்க. இப்ப தொந்தரவு இல்லாம ஓடுது.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

கொச்சில பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச்சுல தீப்பிடிச்சு ஊரே புகைல கெடந்துச்சு, அதுக்கப்புறம் கேரளாவுல வீட்டுக்கு வீடு காஞ்ச குப்பை எடுக்கிறது ரொம்பத் தீவிரமாச்சு. ஆரியங்காவு தாண்டி ஒரு பஞ்சாயத்துலேர்ந்து, தென்காசில ஓடுற வண்டியப் பாத்துட்டு, எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்னு அண்ணாச்சிகிட்ட வந்தாங்க. அண்ணாச்சியும் அதையே கட்டிக் குடுக்க ரெடி. மகன்தான் இந்தத் தடவை, முதல்ல நான் போய் ஒரு நாள் அவங்ககூட நடந்துட்டு வரேன்னு கிளம்புனார்.

அங்க ஹரித கர்ம சேனைன்னு குடும்பஸ்ரீ (கேரளாவோட மகளிர் குழு அமைப்பு) பெண்கள் எடுக்கிறாங்க, கழுவிக் காயவச்ச பிளாஸ்டிக் கவரு, பாட்டில் இந்த மாதிரி காஞ்சது மட்டும். சோறு, காய்கறி பெரும்பாலும் வீட்டுலயே உரமாப் போயிருது. செங்கோட்டைலேர்ந்து மலை ஏறி எறங்குனா ஒரு மணி நேரம் கூட இல்ல, குப்பை தலைகீழா மாறிருது. 1956 வரைக்கும் செங்கோட்டையே முதல்ல திருவிதாங்கூரோட, அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஊரு, ரெண்டு பக்கமும் ஒரே சொந்தபந்தம், ஒரே மழை, ஆனா வண்டி ஒண்ணா இருக்க முடியாது. எஸ்.எஸ். அடித்தகடும் சம்பும் அவங்களுக்குத் தேவையே இல்ல. சாக்கு சாக்கா காத்தடைச்ச மாதிரி பிளாஸ்டிக், எடை ஏறுறதுக்கு முன்னாடி எடம் நெறஞ்சிருது. அவங்களுக்கு லேசான ஆங்கிள் ஃப்ரேம்ல உயரமா கம்பி வலைக் கூண்டு, மேல தார்ப்பாய், மழை படாம பக்கத்துல சுருட்டி விடுற திரை. ஈர வண்டிய விட வெலை ரொம்பக் கம்மி. பட்டறைக்கு லாபமும் கம்மிதான், ஆனா அதுதான் சரியான வண்டி.

2024 டிசம்பர்ல கேரளா மருத்துவமனைக் கழிவை திருநெல்வேலி பக்கம் கொடகநல்லூர், நடுக்கல்லூர்னு கொட்டிட்டுப் போன விவகாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவுலேர்ந்து லாரி கொண்டு வந்து அள்ளிட்டுப் போனாங்க. அதுலேர்ந்து புளியரை சோதனைச் சாவடில குப்பை வண்டின்னு பாத்தாலே நிறுத்திருவாங்க, புது பாடியோட காலி வண்டியா இருந்தாலும் சரி. சோதிக்கிறது நியாயம்தான், நம்ம ஊர் கொளத்துக்குப் பக்கத்துல ஊசியும் ரத்தப் பையும் கெடந்ததைப் பாத்தவங்க யாரும் அதைக் குறை சொல்ல மாட்டாங்க. டெலிவரி போகும்போது பில், பஞ்சாயத்து ஆர்டர் காப்பி ரெண்டையும் டிரைவர்கிட்ட குடுத்து விடுறதை இப்ப பட்டறைல வழக்கமாக்கிட்டாங்க.

இனி மாத்த வேண்டியது

டெண்டர் எழுதுறப்பவே கொட்டுற உயரத்தை எழுதணும். கன மீட்டர், குதிரைத் திறன் எல்லாம் இருக்கு, அந்த ஒரு நம்பர் மட்டும் இருக்குறதில்ல. தூக்குற ஆளுங்க ரெண்டு பேரு மாதிரிய தொட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பில் பாஸ் ஆகணும்னு ஒரு வரி சேக்கலாம், அந்த சுகாதார ஆய்வாளர் தன்னோட அடுத்த டெண்டர்ல அதைச் சேத்துட்டார்.

டிரையல் ஓட்டுறது வெயில் காலத்துல ஓட்டக்கூடாது. சாரல்ல, சீசன் கூட்டம் இருக்குறப்ப ஒரு வாரம் ஓட்டிப் பாத்திருந்தா கம்பேக்டரோட பாதிப் பிரச்சினை பணம் குடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். லோடோட எடை மேடைல முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியா போட்டுப் பாக்கணும். பர்ஸ்ட் வால்வு, தானா நிக்கிற முட்டு இது ரெண்டும் விருப்பம்னு இல்லாம கட்டாயம்னு எழுதணும், தூக்குன பாடிக்கு அடியில யாராவது ஒருத்தர் எப்பவும் குனிஞ்சுட்டுத்தான் இருக்காங்க.

தீராதது சிலது இன்னும் இருக்கு. அடி தட்டுற பிரச்சினை முழுசா போகல. கையுறை குடுத்தாலும் ஈரக் குப்பைல அது வழுக்குதுன்னு கழட்டிர்றாங்க, டப்பாவோட கைப்பிடியத்தான் மாத்தணும்னு தோணுது. இப்ப பேட்டரி வண்டி சேஸ்ல இதே பாடிய மாட்டித் தரச் சொல்லி ஒரு ஊர்ல கேட்டிருக்காங்க. அதுல ஏத்துற எடை இன்னும் கம்மி, பேட்டரி பெட்டி சரியா சம்பு வர்ற எடத்துல உக்காந்திருக்கு, தெனமும் பைப் வச்சுக் கழுவுற வண்டில அதை எப்படி மறைக்கிறதுன்னு மகன் அட்டைல வெட்டி ஒட்டிப் பாத்துட்டு இருக்கார். சம்பை நடுவுல வச்சு, தண்ணிய பக்கவாட்டுல எடுக்கிற ஒரு ஸ்கெட்ச் வரைஞ்சிருக்கார். அந்த அக்கா வந்து உயரம் பாத்தப்புறம்தான் தகடு வெட்டணும்னு ஃபோர்மேன் சொல்லிட்டார்.